வகுப்பில் வெளுத்து வாங்கும் பிள்ளை போட்டியில் ஏன் உறைந்துபோகிறது?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 14 வயது. ஐந்து வருடமாகக் கராத்தே பழகுகிறாள், இப்போது மண்ணிறப் பட்டி. வகுப்பில் தன்னைவிட உயரமான பையன்களையே திணறடிக்கிறாள். ஆனால் கடைசியாகப் போன இரண்டு சுற்றுப்போட்டிகளிலும் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். "கால் ரெண்டும் மரத்துப் போச்சு அம்மா, அவ அடிக்க வாறது தெரியுது, கை எழும்பேல்ல" என்கிறாளாம். சென்செய் (கராத்தே ஆசிரியர்), பிள்ளைக்குத் தன்னம்பிக்கை காணாது என்கிறார். பெரியம்மா தியான வகுப்புக்கு அனுப்பச் சொல்கிறார். அப்பாவோ ஓ.எல். பரீட்சை முடியும்வரை போட்டியே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மூன்று பேர் சொல்வதையும் கொஞ்சம் ஒத்திவையுங்கள். முக்கியமாக அந்தத் தன்னம்பிக்கைக் கதையை. கொழும்பில் நீண்ட காலமாகக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன், போட்டிகளில் பிள்ளைகளுக்குப் பின்னால் கோச் கதிரையிலும் இருந்திருக்கிறேன். எந்தப் பிள்ளை தோற்றாலும் எங்கள் வாயில் முதலில் வருவது இதுதான். கேட்ட பிள்ளை வீட்டுக்குப் போய் என்ன செய்ய முடியும்? கியாக்கு சுக்கி என்ற பின்கைக் குத்து சரியில்லை என்றால் கண்ணாடி முன்னால் நின்று நூறு தரம் குத்திப் பழகலாம். தன்னம்பிக்கை காணாது என்றால் எதைப் பழகுவது? மருந்து எழுதாமல் வருத்தத்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்புகிற டொக்டரின் வேலை அது.

என் கணிப்பு இதுதான்: வகுப்பில் அவள் செய்வது ஒன்று, போட்டியில் அவளிடம் கேட்கப்படுவது வேறொன்று. அந்த வேறொன்றை அவளுக்கு யாரும் பழக்கவில்லை. பதற்றத்தை இல்லாமல் செய்யப் பார்க்காதீர்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வகுப்புக்குள்ளே கொண்டுவர வேண்டும்.

அதற்கு முன் ஒரு விஷயத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். இந்த ஐந்து வருடமும் அவள் யாரோடு குமித்தே (நேருக்கு நேர் மோதல்) செய்தாள்? பெரும்பாலும் அதே ஏழெட்டுப் பிள்ளைகளோடுதான் இருக்கும். ஒருவன் முன்காலைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான், இன்னொருத்தி குத்துவதற்கு முன் தோளைத் தூக்குவாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்தப் பையன்களைத் திணறடிப்பதில் பாதி திறமை, மீதி பழக்கதோஷம். போட்டியில் எதிரே நிற்பவள் கண்டியிலிருந்தோ மாத்தறையிலிருந்தோ வந்திருப்பாள். அவளுடைய கால் எவ்வளவு தூரம் எட்டும், எந்தத் தாளத்தில் குதிப்பாள், எப்போது பாய்வாள், ஒன்றும் தெரியாது. முன்பின் பார்த்திராத அசைவைக் கண் பார்த்துக்கொண்டே நிற்க, கைக்கு உத்தரவு போவதற்குள் குத்து விழுந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பயந்து நிற்பது போலத் தெரியும். பயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் பயம் என்று நாங்கள் எழுதும் கணக்கில் பாதி, தெரியாத ஆளோடு மோதிப் பழகாததன் கணக்கு.

ஆகவே முதல் வேலை, மாதத்தில் ஒரு தடவையாவது வேறு வகுப்புப் பிள்ளைகளோடு குமித்தே. கொட்டாஞ்சேனையிலோ தெஹிவளையிலோ, எங்கே என்றாலும் சரி. அவள் பழகுவது ஷோட்டோகான் பாணி என்றால் கோஜு ரியு, ஷித்தோ ரியு பாணிப் பிள்ளைகளோடு மோதட்டும், நிற்கும் விதமே வேறாக இருக்கும். எங்கள் சென்செய்மாரின் சங்கச் சண்டைகள் இதற்குக் குறுக்கே நிற்கும் என்பது தெரிந்ததுதான். "என்ர பிள்ளையை அங்க அனுப்பமாட்டன்" என்பார்கள். பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து தன்மையாகக் கேட்டால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

இனி உடம்பு. தத்தமியில் (மோதல் நடக்கும் மெத்தை) ஏறப்போகும் நேரம் உடம்பில் அட்ரினலின் பாய்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், இரத்தம் தோலை விட்டுப் பெரிய தசைகளுக்கு ஓடுவதால் விரல் நுனி குளிரும், வாய் வறளும், சலம் முட்டும், பார்வை ஒரு குழாய்க்குள் பார்ப்பதுபோல ஒடுங்கும். சில பிள்ளைகளுக்கு விடாமல் கொட்டாவி வரும். "இரவு போனைப் பார்த்துக்கொண்டு கிடந்திட்டு இப்ப கொட்டாவி விடுறாய்" என்று அரங்கின் படிக்கட்டில் வைத்து ஒரு தாய் ஏசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு நித்திரைக் குறைவு ஒன்றும் இல்லை, பதற்றம் அப்படி வெளியே வருகிறது. இதெல்லாம் எவருக்கும் வரும். பிரிட்டனின் ஜேட் ஜோன்ஸ் 2012 லண்டன், 2016 ரியோ ஒலிம்பிக்குகளில் டெக்வாண்டோவில் தங்கம் எடுத்தவர். மூன்றாவது தங்கத்துக்காக டோக்கியோ போனவர், முதல் மோதலிலேயே அகதிகள் அணியின் கிமியா அலிசாதேயிடம் தோற்றார். அவரைக் கூப்பிட்டுத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்க எங்களில் யாருக்கும் துணிவு வராது.

மகளிடம் இதை வீட்டில், போட்டி இல்லாத ஒரு நாளில், சாதாரணமாகச் சொல்லுங்கள்: நெஞ்சு அடிப்பது உடம்பு ஆயத்தமாகும் சத்தம், ஏதோ பிழைத்துவிட்டது என்பதற்கு அடையாளம் இல்லை. வெறும் ஆறுதல் வார்த்தை என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்டில் அலிசன் வுட் புரூக்ஸ் என்பவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பாடவும் பேசவும் கணக்குச் செய்யவும் போகிறவர்களில் ஒரு பகுதியினரைத் தங்களுக்குத் தாங்களே "அமைதியாக இருக்கிறேன்" என்றும், இன்னொரு பகுதியினரை "உற்சாகமாக இருக்கிறேன்" என்றும் சொல்லவைத்தார். உற்சாகம் என்று சொன்னவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். துடிக்கிற நெஞ்சை "அமைதியாக இரு" என்று அதட்டினால் அது கேட்காது. அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் வைத்துவிடுவது சுலபம்.

சரி, வகுப்புக்குள் பதற்றத்தைக் கொண்டுவருவது எப்படி? நெதர்லாந்தில் அவுடெய்ன்ஸ், பைப்பர்ஸ் என்ற இருவர் 2009இல் ஒரு வேடிக்கையான பரிசோதனை செய்தார்கள். ஈட்டி போன்ற சின்ன அம்பைப் பலகையில் எறியும் 'டார்ட்ஸ்' ஆட்டக்காரர்களை, ஏறிப் பழகும் செயற்கைச் சுவரில் தொங்கவிட்டு எறியச் சொன்னார்கள். உயரத்தில் தொங்கும்போது நெஞ்சு பதறும், குறி தவறும். ஆனால் உயரத்திலேயே பயிற்சி செய்தவர்களுக்குப் பிறகு அந்த உயரத்திலும் குறி தவறவில்லை. கீழே நின்று பழகியவர்களுக்குத் தவறியது. பதற்றம் இரு பகுதிக்கும் இருந்தது. ஒரு பகுதி அதோடு சேர்ந்து வேலை செய்யப் பழகியிருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் வகுப்பில் இதைச் செய்ய ஒரு சுவரும் தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள், கடைசி அரை மணித்தியாலம் போதும். ஒரேயொரு தத்தமி, மற்ற எல்லாரும் சுற்றிவர உட்கார வேண்டும். கையுறை, காற்காப்பு, மவுத்கார்ட், சிவப்பு நீலப் பட்டி எல்லாம் போட்டிக்குப் போடுவது போலவே. மத்தியஸ்தராகச் சொந்த சென்செய் நிற்கக் கூடாது, வேறொருவர் வர வேண்டும், முகம் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. யார் யாரோடு மோதுவது என்பதைக் கடைசி நிமிடத்தில் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்ட பிறகு வேண்டுமென்றே பத்து நிமிடம் காக்க வைக்கலாம். ஒருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். தோற்றவர் தத்தமியைத் துடைத்து அடுக்க வேண்டும். தோல்விக்கு ஒரு சின்ன விலை இருக்க வேண்டும், அவமானம் இருக்கக் கூடாது. சிரித்துக்கொண்டே துடைக்கிற மாதிரியான விலை போதும்.

இதற்குள்ளே முழு மோதல் எப்போதும் தேவையில்லை. கடைசிக் கட்டங்களை மட்டும் வெட்டி எடுத்துப் பழகலாம். உலக கராத்தே சம்மேளன விதிப்படி முடிய 15 செக்கன் இருக்கும்போது அறிவிப்பு வரும். அங்கிருந்தே தொடங்குங்கள்: நீ ஒரு புள்ளி பின்னால், 15 செக்கன் இருக்கு, ஹஜிமே (தொடங்கு)! அடுத்த தடவை மாற்றி: புள்ளி சமம், ஆனால் முதல் புள்ளி எடுத்த சென்ஷு உன்னிடம் (சமமாக முடிந்தால் வெற்றி அதை வைத்திருப்பவருக்கு), 15 செக்கன் இருக்கு. இதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டமானது. முன்னுக்கு நிற்கும் பிள்ளை பின்வாங்கி ஓடத் தொடங்கும், மத்தியஸ்தர் சண்டையைத் தவிர்த்ததாகத் தண்டிப்பார், சென்ஷுவும் பறிபோகும். இந்த இடத்தில் எதைச் செய்வது என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால், யோசிக்க வேண்டிய வேலை ஒன்று குறையும். பதற்றம் யோசனையைத்தான் முதலில் தின்னும்.

கட்டா (தனியாகச் செய்து காட்டும் அசைவுத் தொடர்) பழகும் பிள்ளைகளுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காலிமுகத்திடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டம் விடுகிறவர்கள், இஸ்ஸோ வடை தின்கிறவர்கள், கடலை விற்கிறவர்கள் எல்லாருக்கும் நடுவில் கட்டாவின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு ஒரு தடவை முழுதாகச் செய்யச் சொல்லுங்கள். முதல் நாள் குரலே வராது. நாலு சின்னப் பிள்ளைகள் முன்னால் வந்து நின்று அதேபோலச் செய்து கேலி பண்ணும். அதற்குள்ளும் முடித்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, நடுவர்கள் பேசாமல் உட்கார்ந்திருக்கும் அரங்கு பெரிய விஷயமாகத் தெரியாது.

அடுத்தது எங்கள் வாய். தத்தமியில் ஏறுவதற்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சென்செய் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், அப்பா படிக்கட்டிலிருந்து: கையை உயர்த்து, இடுப்பைத் திருப்பு, காலை மாற்று, அவளுடைய மாவாஷியை (சுற்று உதை) கவனி. எல்லாம் சரியான அறிவுரைதான், ஆனால் நேரம் பிழை. பிரிட்டனில் ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் 1992இல் கோல்ப் ஆட்டத்தில் பார்த்தது இதுதான்: விதி விதியாகச் சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள் நெருக்கடி வந்ததும் தடுமாறினார்கள், விதிகளைப் படிக்காமல் செய்து செய்தே பழகியவர்கள் அவ்வளவாகத் தடுமாறவில்லை. தானாக ஓடிக்கொண்டிருக்கும் அசைவைக் கையால் பிடித்து நடத்தப் போனால் அது இடறும். மாடிப்படி இறங்கும்போது எந்தக் காலை வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள், தெரியும்.

அன்றைக்கு அவளுக்கு ஒரே ஒரு சொல் போதும், அதுவும் அவளே தெரிந்தெடுத்த சொல். "முன்னுக்கு" என்பதாக இருக்கலாம், "கால்" என்பதாக இருக்கலாம். "தோற்காதே", "பயப்படாதே" என்பவை சொல்லே அல்ல. எதைச் செய்வது என்று அவை காட்டுவதில்லை. முதல் பத்து செக்கனுக்கு ஒரு திட்டமும் வேண்டும். ஹஜிமே என்றதும் இரண்டு தரம் ஏமாற்றுக் காலடி, பிறகு ஒரு கிசாமி சுக்கி (முன்கைக் குத்து). புள்ளி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. உறைந்துபோகிற பிள்ளைகளில் பலருக்கு முதல் தொடுகை விழுந்ததும், அது அடித்ததோ வாங்கியதோ, உடம்பு விடுபட்டுவிடும்.

அதனாலேயே சூடேற்றும் பயிற்சியில் உண்மையான தொடுகை இருக்க வேண்டும். சுகததாச உள்ளக அரங்கின் ஓரத்தில் எங்கள் பிள்ளைகள் சூடேற்றுவதைப் பார்த்தால், கையைக் காலை உதறிவிட்டுச் சிநேகிதிகளோடு கதைத்துக்கொண்டு நிற்பார்கள். முதல் மோதலிலேயே மூச்சு வாங்கி, காலில் ஈயம் ஏறியதுபோல ஆகிவிடும். கூப்பிடுவதற்கு இருபது நிமிடம் இருக்கும்போது நன்றாக வியர்க்கும்வரை பேட் அடிக்க வேண்டும், நெஞ்சுக் காப்பில் கொஞ்சம் குத்து வாங்க வேண்டும். பிறகு ஓய்வு. ஐந்து நிமிடத்துக்கு முன் மறுபடி ஒரு சின்ன ஓட்டம். முதல் மோதலின் அதிர்ச்சியை ஓரத்திலேயே முடித்துவிட்டு, தத்தமிக்கு இரண்டாவது மோதலாகப் போவதுதான் கணக்கு.

ஆனால் கூப்பிடும் நேரம் யாருக்குத் தெரியும்? காலை எட்டு மணி என்பார்கள், உங்கள் பிரிவு பின்னேரம் மூன்று மணிக்கு வரும். அறிவிப்பு பெரும்பாலும் சிங்களத்தில், ஒலிபெருக்கியின் இரைச்சலில் எங்கள் நீண்ட பெயர்கள் என்னவாக வெளிவரும் என்று சொல்லவே முடியாது. பெயர் விளங்காமல் கடைசி நேரத்தில் பதறியடித்து ஓடிவந்து நிற்கிற பிள்ளை மோதுவதற்கு முன்பே பாதி தோற்றுவிட்டது. எந்தத் தத்தமி, எந்தப் பிரிவு, தனக்கு முன் எத்தனை மோதல், சிவப்பா நீலமா என்பதை எழுதிவைத்துக்கொண்டு, மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் நிற்க வேண்டும். தத்தமிக்குள் வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே ஜப்பானியச் சொற்கள்தான், பிரச்சினை இல்லை. இடையில் பசித்தால் வாழைப்பழம், மாரி பிஸ்கட், தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக. ரோல்ஸும் பட்டிஸும் பதக்கம் வாங்கின பிறகு. எடைப் பிரிவுக்காக 14 வயதுப் பிள்ளையைப் பட்டினி போடுவது பற்றி ஒரே வசனம்: செய்யாதீர்கள்.

தத்தமி ஓரத்தில் நிற்கும் அந்தக் கடைசி நிமிடத்துக்கு ஒரு வழமை வைத்துக்கொள்ளலாம். பட்டியை இறுக்குவது, கையுறையை இரண்டு தரம் அழுத்துவது, நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது. மூச்சை விடும் நேரம் நீண்டால் இதயத் துடிப்பு இறங்கும், அது பெரும்பாலும் வேலை செய்யும். பிறகு எதிரே ஒரு இடத்தில் பார்வையை நிறுத்தி, அந்தச் சொல். இன்னொரு சின்ன வித்தையும் இருக்கிறது. ஜெர்மனியில் பெக்மன் என்பவரும் சகாக்களும் 2013இல் உதைபந்தாட்ட, டெக்வாண்டோ, பூப்பந்து வீரர்களிடம் பார்த்தது: வலக்கைக்காரர்கள் தொடங்குவதற்கு முன் இடது கையால் ஒரு பந்தைக் கொஞ்ச நேரம் பிசைந்தால் நெருக்கடியில் தடுமாற்றம் குறைகிறது. ஒரு மென்பந்துக்கு என்ன பெரிய செலவு, முயன்று பார்க்கலாம். ஆனால் அதைப் போட்டியன்று புதிதாகத் தொடங்கக் கூடாது, வகுப்பில் ஒவ்வொரு முறையும் செய்து வழமையாக வந்திருக்க வேண்டும்.

பதற்றம் எல்லாரையும் உறைய வைப்பதில்லை, சிலருக்குக் கை மீறிப் போகும். 2021 ஆகஸ்ட் 7ஆம் திகதி, டோக்கியோ ஒலிம்பிக்கின் 75 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள் கராத்தே இறுதிப் போட்டி. சவூதியின் தாரெக் ஹமெதி 4-1 என்று முன்னுக்கு நின்றார். அவருடைய உதை ஈரானின் சஜாத் கஞ்ச்சாதேயின் தலையில் விழ, அவர் மயங்கிச் சரிந்தார். அளவுக்கு மீறிய தொடுகை என்று ஹமெதி தகுதி நீக்கப்பட, ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகப்பட்டவருக்குத் தங்கம். வேறு வகுப்புகளோடு மோதத் தொடங்கினால் உங்கள் மகளும் ஒரு கட்டத்தில் ஆவேசமாக அடிக்கத் தொடங்கலாம். அது முன்னேற்றம்தான், அடக்கத் தேவையில்லை. ஆனால் கட்டுப்பாட்டை அந்தப் பதற்ற மோதல்களிலேயே சேர்த்துப் பழக வேண்டும்.

இப்போது உங்கள் பக்கம். கோபிக்க வேண்டாம். போட்டியன்று கனடாவில் இருக்கும் மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ கோல் போட்டுக் காட்டினீர்களா? பலர் செய்கிறார்கள். பிள்ளை சிவப்புப் பட்டி கட்டும்போதே அங்கே டொராண்டோவில் பத்துப் பேர் விடியப்புறம் எழும்பி இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும். வீடியோ எடுங்கள், ஆனால் அனுப்புவதா இல்லையா என்பதைப் பிறகு அவளே முடிவு செய்யட்டும். தோற்றுவிட்டு வரும்போது ஓட்டோவுக்குள் விமர்சனம் வேண்டாம். "இவ்வளவு காசு கட்டி" என்ற வசனம் வேண்டவே வேண்டாம். பசிக்குதா என்று கேளுங்கள். மோதலைப் பற்றி அவளாகத் தொடங்கினால் கேளுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நாள் கழித்து சென்செய்யோடு உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்க்கலாம்.

பெரியம்மாவின் தியானத்தில் பிழையில்லை, விருப்பமென்றால் போகட்டும். ஆனால் அமைதியான அறையில் கண்ணை மூடிப் பழகியது இரைச்சலான அரங்குக்குத் தானாக நடந்து வந்துவிடாது. மேலே சொன்னவை நடக்காமல் தியானம் மட்டும் நடந்தால் பெரிதாக ஒன்றும் மாறாது என்பது என் அபிப்பிராயம். இதில் ஒரு விதிவிலக்கு: இந்த மரத்துப்போதல் போட்டியில் மட்டுமல்லாமல் பரீட்சையிலும் பாடசாலை மேடையிலும் வருகிறதென்றால், பல நாள் நித்திரையோ சாப்பாடோ இல்லாமல் போகிறதென்றால், அது கராத்தேக்காரர் பார்க்கிற விஷயமில்லை. பாடசாலை ஆலோசகரிடமோ டொக்டரிடமோ போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.

அப்பாவின் யோசனைக்கு வருகிறேன். ஓ.எல். இன்னும் இரண்டு வருடத்தில். இப்போதே நிறுத்தினால், கராத்தே என்றதும் அவள் மனதில் மிஞ்சுவது அந்த இரண்டு தோல்விகளும்தான். பதினோராம் வகுப்பில் குறைத்துக்கொள்ளலாம், இப்போது வேண்டாம். ஆனால் அடுத்ததாக அகில இலங்கை மட்டத்துக்கு ஓடவும் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் வேறு பிள்ளைகளோடு மோதி, வாராந்தப் பதற்ற மோதல்களும் செய்த பிறகு, இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து நடத்தும் சின்னப் போட்டி ஒன்றுக்கு அனுப்புங்கள். அன்று பதக்கத்தைக் கேட்காதீர்கள். முதல் பத்து செக்கனுக்குள் தாக்கினாளா, புள்ளி பறிபோன பிறகு அடுத்த தாக்குதல் அவளிடமிருந்து வந்ததா, கடைசி 15 செக்கனில் வகுப்பில் பழகியதைச் செய்தாளா என்று மூன்றை மட்டும் அவளையே ஒரு துண்டில் எழுதச் சொல்லுங்கள். மூன்றில் இரண்டு "ஓம்" என்றால் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுக்கலாம். போவதா இல்லையா என்று அப்பாவிடம் கேட்பதற்கு முன் அவளிடம் கேளுங்கள். உங்கள் கேள்வி முழுக்கத் தேடிப் பார்த்தேன், சென்செய் சொன்னது இருக்கிறது, பெரியம்மா சொன்னது இருக்கிறது, அவளுக்கு மோத விருப்பமா என்பது மட்டும் இல்லை.